மேலே ஏறிய படங்கள்

கம்ப்யூட்டர் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘லாக்-அவுட்டு’. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். லாக்-அவுட் பண்ணியாச்சா, மௌஸைத் துடைச்சாச்சா, நாற்காலியை உள்ளே தள்ளியாச்சா என்று வரிசை வரிசையாகப் போய்க் கண்ணில் விரலை விட்டு ஆட்டுவாள். அடுத்தவர் கணக்கு திறந்து கிடந்தால் எட்டிப் பார்க்காமல் மூட வேண்டும் என்பது அவள் சட்டம். பார்த்தது தெரிந்தால் ஒரு வாரம் நின்றுகொண்டே டைப் அடிக்க வேண்டியதுதான். தனக்கு வைத்த பெயர் அவளுக்கும் தெரியும். ஒரு நாளும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த அறையில் இருபது மெஷின்கள். இரண்டு எழுந்திருக்காது. மிச்சம் பதினெட்டில் ஒன்பதாம் வகுப்பின் முப்பத்தாறு பேரும் இரண்டிரண்டாக உட்காருவார்கள். ஃபேன் ஓடினால் காற்றைவிடச் சத்தம்தான் அதிகம். ஆனால் மேஜைகள் மட்டும் அசையாது. எல்லாம் இரும்பு. டீச்சரின் அக்கா வீட்டுக்காரர் தன் பட்டறையில் வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து, ஆளை வைத்துத் தூக்கிவந்து இலவசமாகப் போட்டுக்கொடுத்தது. ஜன்னல் கம்பி, கதவுத் தாழ்ப்பாள் வரை அவர் கைவேலைதான். பள்ளிக்கூடமே அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

டீச்சரும்தான் கொண்டாடினாள். பொய் சொல்வானேன்? அப்பா படுக்கையில் விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நாயாய் அலைந்தது மாமாதான். இந்த வேலைக்கு மனுப் போட வைத்தது, பஸ் ஸ்டாண்டில் வந்து காத்திருந்து கூட்டிப்போனது, எல்லாம் அவர்தான். நெருப்புப் பொறியைப் பார்த்துப் பார்த்து எப்போதும் சிவந்த கண். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். அக்கா அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள்.

அக்கா வீட்டிலேயே இஸ்திரி போடுகிறாள். இரண்டு ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மூட்டையாக வரும். காலையில் அடுப்பு வேலை முடிந்ததும் மேஜையருகே நின்றாள் என்றால் சாயங்காலம் வரை நிற்பாள். கணுக்கால் வீங்கும். நெற்றி வேர்வை வெள்ளைத் துணியில் விழக் கூடாதென்று தலையில் துண்டு கட்டியிருப்பாள். அவ்வப்போது உதடு வீங்கியிருக்கும், கை சிவந்திருக்கும். பாத்ரூமில் வழுக்கிட்டேன் என்பாள், பெட்டி பட்டுடுச்சு என்பாள். டீச்சர் நம்பினாள். இஸ்திரிக்காரி கையில் சூடு இருப்பது ஒரு அதிசயமா?

அக்காவின் ஒரே மகள் ஒன்பதாம் வகுப்பில் டீச்சரிடமே படித்தாள். வகுப்பிலேயே குள்ளம் என்பதால் பொடிசு என்று பெயர். வீட்டில் ‘சித்தி’ என்று மடியில் ஏறி உட்காருகிறவள், பள்ளிக்கூட வாசலை மிதித்ததும் ‘டீச்சர்’ என்று மாற்றிக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வாய் தவறியதில்லை. விவரமான பிள்ளை.

அந்த வாரம் க்ளவுட் பாடம். பென்டிரைவ் தொலையும், மெஷின் கெட்டுப்போகும், மேலே ஏற்றி வைத்துவிட்டால் எங்கே போனாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் சொன்னாள். மேலேன்னா யார் வீட்டு மாடியில என்று பால் வண்டிக்காரர் மகள் கேட்டாள். எங்கேயோ தூரத்தில் ஒரு பெரிய கட்டடம், உள்ளே ஜில்லென்று இருக்கும், நம்ம மெஷின் மாதிரி ஆயிரக்கணக்கில் ராப்பகலாக ஓடும், அதில் உன் படத்துக்கும் ஒரு மூலை என்றாள் டீச்சர்.

பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தாள். வீட்டில் பெரியவர்கள் செய்யும் வேலையை ஐந்து படம் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கை வீட்டு ஃபோனில் போட்டுவிட்டால் படம் தானாகவே வகுப்பு ஃபோல்டருக்கு வந்து சேரும். எப்படிப் போடுவது என்று ஒவ்வொரு படியாகப் போர்டில் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசிப் படி, இந்த ஐந்து படத்தை மட்டும் தேர்ந்தெடு என்பது. அதை விட்டால் ஃபோனில் இருக்கிற படமெல்லாம் ஏறிவிடும். அதை எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது. லாக்-அவுட் கேட்கிற மும்முரத்தில் அது அப்படியே நின்றுபோயிற்று. இன்னொன்றும் செய்தாள். முப்பத்தாறு பேருக்கு முப்பத்தாறு ஃபோல்டர் யார் திறப்பது என்று சோம்பல்பட்டு, மொத்த வகுப்புக்கும் ஒரே ஃபோல்டராகப் போட்டுவிட்டாள். யார் போட்டாலும் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை இரண்டாவது பீரியட். வெயில் ஜன்னல் வழியாக மேஜை மேல் ஏறியிருந்தது. புரொஜெக்டரைப் போட்டு, படங்கள் வந்து சேர்வதைச் சுவரில் காட்டினாள். தையல் மெஷின் வந்தது. பால் கேன் வந்தது. டயர் கழற்றுகிற ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். வகுப்பு சிரித்தது. அடுத்து மடித்து அடுக்கிய வெள்ளை விரிப்புகள். டீச்சருக்குப் பெருமையாக இருந்தது, நம்ம பொடிசு அழகாக எடுத்திருக்கிறாளே என்று.

அதற்கடுத்து ஒரு முதுகு வந்தது.

கண்ணாடியில் பார்த்துத் தானே எடுத்தது. தோள்பட்டைக்குக் கீழே இஸ்திரிப்பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்து தோல் உரிந்திருந்தது. என்னவென்று புரிவதற்குள் அடுத்தது வந்தது, கிழிந்த உதடு. அடுத்தது, முடி பிடுங்கப்பட்டு உள்ளங்கையளவு வெறும் மண்டை. பிறகு ஒரு வீடியோ. துணி அடுக்குக்குப் பின்னால் ஃபோனை ஒளித்து வைத்து எடுத்தது போலிருந்தது. டீச்சர் நிறுத்தப் போய், பதற்றத்தில் அதன் மேலேயே அழுத்திவிட்டாள். மாமாவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. கத்தல் இல்லை. பேரம் பேசுகிற மாதிரி நிதானமாக, கையை எடு, முகத்திலிருந்து கையை எடுன்னு சொல்றேன்ல என்றது. பிறகு அடி விழுந்தது. அக்கா கத்தவில்லை. அடி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஒன்று, இரண்டு, மூன்று என்று.

டீச்சர் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். முப்பத்தாறு பேரும் பேயறைந்த மாதிரி இருந்தார்கள். முப்பத்தைந்து தலைகள் திரும்பி ஒரே இடத்தைப் பார்த்தன. பொடிசு எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி, மௌஸைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இனிமேல் அந்த வெல்டிங்காரனுக்கு மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது?

மத்தியானம் டீச்சர் அக்காவுக்கு ஃபோன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. எல்லாரும் பார்த்தார்களா என்று அக்கா கேட்டாள். பார்த்தார்கள் என்றாள் டீச்சர்.

“என்கிட்ட ஏன்க்கா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லி? நீ அவர்கிட்ட எவ்வளவு பாசமா இருக்க.”

“அப்புறம் எதுக்கு எடுத்து வெச்ச?”

“எனக்கே மறந்துடும்டி. காயம் ஆறிடுச்சுன்னா, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லையோன்னு தோணும். அவரும் அப்படித்தான் சொல்வார். எப்ப அடிச்சேன், எங்க காட்டுன்னுவார். அதான்.”

உடனே கிளம்பி வா, இங்கே வந்துவிடு என்று டீச்சர் கெஞ்சினாள். அறுபது விரிப்பு சாயங்காலத்துக்குள் போகணும், அவருக்கு இன்னும் தெரியாதே என்றாள் அக்கா. படம் எப்படி மேலே போகிறது என்று மட்டும் இரண்டு தடவை விளக்கமாகக் கேட்டுக்கொண்டாள். நிறுத்தச் சொல்வாள் என்று டீச்சர் நினைத்தாள். சொல்லவில்லை.

தெரியாமலா இருக்கும்? பால் வண்டிக்காரர் மகள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவள், வாயில் சோற்றோடு அப்பாவிடம் சொன்னாள். பால் வண்டிக்காரர் பட்டறைக்கே போய், இப்படிப்பட்ட ஆளா நீ என்று நாலு பேர் முன்னால் காறித் துப்பிவிட்டு வந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். வேறென்ன சொல்ல?

மூன்று மணிக்கு அறையில் வகுப்பு இல்லை. பொடிசை எங்கும் அனுப்பாமல் பக்கத்திலேயே உட்காரவைத்து, டீச்சர் அக்கா ஃபோனிலிருந்து வந்திருந்த காயப் படங்களை, வீடியோவோடு சேர்த்துப் பதினொன்றையும், வகுப்பு ஃபோல்டரிலிருந்து எடுத்துத் தனியே வைத்தாள். தன்னையும் பொடிசையும் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி மாற்றினாள். இனி வருவதும் அங்கேயே போகட்டும் என்று வழியையும் திருப்பிவிட்டாள். செய்யும்போதே, இதை மூன்று நாளைக்கு முன்னால் செய்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாட்ச்மேன் யாரையோ தடுக்கிற குரல் கேட்டது. பிறகு அவர் விழுகிற சத்தம். வெல்டிங்காரன் உள்ளே வந்து, தான் போட்டுக்கொடுத்த தாழ்ப்பாளைத் தானே போட்டான். கையில் சம்மட்டி. சட்டையில் பால் வண்டிக்காரரின் எச்சில் காய்ந்திருந்தது.

எதுல இருக்கு என்று கேட்டான். குரல் அப்போதும் ஏறவில்லை. டீச்சர் பொடிசைப் பின்னால் இழுத்துக்கொண்டு, உட்காருங்க மாமா, பேசலாம் என்றாள். அவன் முதல் மெஷினை அடித்தான். திரை தூளாகிப் பொட்டென்று கறுப்பாயிற்று. பெட்டியைத் தரையில் தள்ளி, கல் உடைப்பவன் மாதிரி கால்களை அகட்டி நின்று, தகடு கிழியும்வரை அடித்தான். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் முன்னால், இதுலயா என்று கேட்டான். பதில் வராவிட்டால் அடித்தான். கண்ணாடிச் சில் பறந்து டீச்சரின் நெற்றியில் குத்தி நின்றது. வெளியே ஹெட்மிஸ்ட்ரஸ், பிள்ளைகளின் பெரிய டீச்சர், கதவைத் தட்டிக் கூச்சல் போட்டாள். ஒன்பதாவது மெஷின் முடிந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. மேஜைகள் மட்டும் அப்படியே நின்றன.

பிறகு எட்டி மகளின் பின்னலைப் பிடித்தான். நீதானே ஏத்திவிட்டது, நீயே காட்டு என்று அவள் முகத்தை உடைந்த திரைமேல் வைத்து அழுத்தினான். பொடிசின் கன்னத்தில் கண்ணாடி இறங்கியது.

“சித்தி” என்றாள்.

டீச்சர் குறுக்கே பாய்ந்தாள். சம்மட்டிக் காம்பு அவள் வலது முன்கையில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவன் மறுபடி ஓங்கினான். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் திருத்தித் திருத்திப் பழகிய வாய். அந்த வகுப்பறைக் குரலிலேயே, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

“அடிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல மாமா. இந்த மெஷின் எதுலயும் அது இல்ல. அக்கா ஃபோன்ல இருந்து நேரா மேல போகுது. பதினெட்டையும் உடைச்சாலும் அது அங்கதான் இருக்கும்.”

அவனுக்குப் புரிந்தது. அந்த அறையில் அவள் எடுத்த பாடங்களிலேயே உடனே புரிந்துகொள்ளப்பட்ட பாடம் அதுதான்.

“அவ ஃபோன்ல இருந்தா?” என்றான். மகளை விட்டான். சம்மட்டியைக் கீழே போட்டான். தாழ்ப்பாளைத் திறந்து, கதவோரம் நின்ற பெரிய டீச்சரை ஒதுக்கிவிட்டுப் போனான். வெளியே மோட்டார் சைக்கிள் உறுமிய பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது டீச்சருக்கு உறைத்தது. ஐயோ, நானே அவனை அவளிடம் அனுப்பிவிட்டேனே என்று வாய்விட்டே அலறினாள்.

போலீசுக்குச் சொல்லுங்கள் என்று பெரிய டீச்சரிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். ஒடிந்த கையைப் பொடிசு தன் தாவணியில் கட்டித் தாங்கிக்கொண்டாள். அவள் கன்னத்து ரத்தம் கழுத்துவரை வழிந்திருந்தது. துடைக்கவில்லை. வழியெல்லாம் இடது கையால் அக்காவுக்கு ஃபோன் அடித்தாள் டீச்சர். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மார்க்கெட் முனையில் ஒரு லாரி பின்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்து, இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல் நின்றது. ஆட்டோக்காரர் இறங்கிப் போய் அந்த டிரைவரை வாய்க்கு வந்தபடி திட்டித்தான் வழி கிடைத்தது. அம்மா ஃபோனைக் கொடுத்துடுவாங்கல்ல சித்தி என்று பொடிசு கேட்டாள். கொடுத்துவிடுவாள் என்றாள் டீச்சர். கொடுத்துவிட வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை.

வாசலில் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்ட் போடாமல் சரிந்து கிடந்தது. சக்கரம் நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது. துணி கருகிய நாற்றம் தெருவரை வந்தது. எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இஸ்திரி மேஜை கவிழ்ந்து கிடந்தது. வெள்ளை விரிப்புகள் அறை முழுக்கப் பரந்து, மிதிபட்டு, சிவந்து கிடந்தன. அவற்றின்மேல் அவன் குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்து, காதோரம் எலும்பு தெரிந்தது. குறட்டை மாதிரி ஒரு மூச்சு, நின்று நின்று வந்தது. பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி. அதன் ஒயர் சுவர் பிளக்கையும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் வீங்கி, இருக்கிற இடம் தெரியவில்லை. கழுத்தில் பத்து விரலும் பதிந்திருந்தன. இடது கைச் சுண்டுவிரல் பின்பக்கமாக வளைந்து நின்றது. வலது கையில் ஃபோன் இருந்தது.

பொடிசு ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அக்கா மகளின் கன்னத்தைப் பார்த்தாள். கண்ணாடிச் சில் ஒன்று இன்னும் மினுங்கியது. நகத்தால் மெல்ல எடுத்துக் கீழே போட்டாள்.

“ஃபோனைக் கொடுத்துத் தொலைச்சிருக்கலாமேக்கா” என்றாள் டீச்சர். வேறு எதுவும் அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அக்காவுக்குக் குரல் எழும்பவில்லை. காற்றும் வார்த்தையுமாகத்தான் வந்தது. தலையணை உறைக்குள் ஃபோனைச் சொருகி வைத்திருந்தாளாம். எங்கே என்று கேட்டு அடித்தானாம். விரலை ஒடித்தானாம். சொல்லவில்லை. கழுத்தை நெரித்தானாம். அவள் கண் செருகி விழுந்ததும், போய்விட்டாள் என்று நினைத்தோ என்னவோ, விட்டுவிட்டுத் துணி அடுக்கைக் கலைத்துத் தேட ஆரம்பித்தானாம். அவள் கண் விழித்தபோது அவன் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். பெட்டி கைக்கு எட்டுகிற தூரத்தில் சூடாக இருந்தது.

“முதுகைக் காட்டிட்டுத்தான் நின்னாரு” என்று அக்கா மறுபடி சொன்னாள். “ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்துச்சு. ஓடல.”

அக்கா ஃபோனை நீட்டினாள். வழக்கம்போல எடுத்துவிட்டேன், மேலே ஏறிடுச்சான்னு பாரு என்றாள்.

பொடிசு வாங்கிப் பார்த்தாள். திரையில் அந்தப் படம் இருந்தது. குப்புறக் கிடக்கிறவன், பிளந்த பின்மண்டை, ஓரத்தில் பெட்டியைப் பிடித்த அக்காவின் கை. திரையின் மூலையில், படம் இன்னும் ஏறி முடியவில்லை என்று ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சரும் எட்டிப் பார்த்தாள். இதைப் பார்க்கிற எவனும் என்ன கேட்பான்? பின்னாலிருந்து அடித்தாயா என்றுதானே கேட்பான்? இந்த ஒரு படம் இல்லாவிட்டால் எது வேண்டுமானாலும் சொல்லலாம். நேருக்கு நேர் நின்றான் என்று சொல்லலாம், தள்ளுமுள்ளில் பட்டது என்று சொல்லலாம். அந்தப் பதினொன்றும் பக்கத்தில் இருந்தால் எந்தக் கோர்ட்டும் நம்பும். அடுத்தவர் படத்தைத் தொடாதே என்று வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள், பொடிசின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அழிச்சிடு கண்ணு. ஏறதுக்கு முன்னாடி அழிச்சிடு. சீக்கிரம்.”

பொடிசின் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. சித்தியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“அழிக்காத” என்றாள் அக்கா.

“உன்னைப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்கக்கா. உனக்குப் புரியுதா இல்லையா?”

“புரியுதுடி.” வளைந்த விரலை மடியில் வைத்துக்கொண்டு அக்கா நிமிர்ந்து உட்கார முயன்றாள். “இதை அழிச்சா, அப்புறம் அவனவன் வந்து மத்ததும் பொய்யின்னுவான். அவர் அடிச்சது பதினொண்ணு இருக்கு. நான் அடிச்சது ஒண்ணு. வரிசையா இருக்கட்டும்.”

பொடிசு விரலை எடுத்துவிட்டு ஃபோனை அம்மாவின் மடியில் வைத்தாள். கிடந்தவனின் மூச்சு ஒரு தடவை நின்று மறுபடி வந்தது. டீச்சர் தன் ஃபோனை இடது கையில் எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். எத்தனை பேருக்கு அடி என்று கேட்டார்கள். நான்கு பேருக்கு என்று சொல்லி, தெருப் பெயரையும் வீட்டு நம்பரையும் கொடுத்தாள்.